மேற்கு மலைக் காடுகளுக்கு ஒரு குடும்பப் பயணம்

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழுகிறது. "இந்த முறை எங்காவது போய்வர வேண்டும்" என்று பிள்ளைகள் தொடங்குகின்றனர். தந்தை செலவை எண்ணிப் பார்க்கிறார். தாய் எடுத்துச் செல்ல வேண்டிய பாத்திரங்களை எண்ணிப் பார்க்கிறார். ஆச்சியோ, "நீங்கள் போய்வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒதுங்கிக்கொள்கிறார். இறுதியில் ஒரு வேன் பேசப்படுகிறது. ஐந்து நாளில் ஒன்பது ஊர் என்று ஒரு பட்டியலும் தயாராகிறது. திரும்பி வந்த பின்னர், "என்ன பார்த்தீர்கள்?" என்று வினவினால், "எல்லாம் பார்த்தோம்" என்னும் விடைக்கு மேல் ஒன்றும் கிடைப்பதில்லை.

ஆலங்குளத்தில் வாழும் நமக்கு மலை அயலானதன்று. வானம் தெளிந்த நாளில் மாடியில் நின்று மேற்கே நோக்கினால் நீலக் கோடாக அது தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்றுத்தான் நம் சுற்றுவட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தபதி ஆற்றுக்கருகே தொடங்கிக் குமரி முனைவரை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 காட்டுப் பகுதிகளை உலகப் பாரம்பரியச் சொத்து என 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அறிவித்தது. களக்காடு-முண்டந்துறையும், செந்துருணியும், பெரியாறும், இரவிகுளமும் அவற்றுள் அடங்கும். உலகமே காக்க விழையும் செல்வம் ஒன்று நம் வாசலுக்கு இத்துணை அருகில் இருக்கிறது. குடும்பத்தோடு அக்காடுகளைக் காணச் செல்வோர் எவ்வாறு திட்டமிடல் வேண்டும் என்பதைச் சிறிது விரிவாக இங்கு ஆராய்வோம்.

யாருக்காகப் பயணம்?

பயணத் திட்டம் என்றதும் நாம் வரைபடத்தை விரிக்கிறோம். அதற்கு முன் விரிக்க வேண்டியது குடும்ப அட்டை. வருவோர் யார், யார்? அவர்களுள் மிகவும் வலுக்குறைந்தவர் யார்? முழங்கால் வலியுள்ள ஆச்சியா? வளைவுகளில் வாந்தியெடுக்கும் சிறுமியா? நேரந்தவறாமல் உண்ண வேண்டிய சர்க்கரை நோயாளியான தாத்தாவா? அவரால் ஒரு நாளில் எவ்வளவு தூரம் இயலுமோ, அதுவே அக்குடும்பத்தின் ஒரு நாள் தூரம். இந்த ஒரு விதியைக் கைக்கொண்டால் பட்டியலில் பாதி ஊர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

பங்குக் குடும்பம் ஒன்று தம் திட்டத்தை நம்மிடம் காட்டியது. குற்றாலம், தேக்கடி, மூணாறு, டாப்சிலிப், உதகை, முதுமலை - அத்தனையும் ஐந்தே நாள்களில்! கணக்கிட்டுப் பார்த்தபோது, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே கழியும் என்பது தெரிந்தது. ஆச்சியின் பெயர் அதில் இல்லை. "போவதே போகிறோம் சாமி, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?" என்றார் குடும்பத் தலைவர். "காடு எங்கும் ஓடிப் போகாது. ஆச்சியால்தான் அடுத்த ஆண்டு வர இயலுமோ, என்னவோ" என்றோம். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையே டாப்சிலிப்பும் உதகையும் முதுமலையும் பின்னொரு விடுமுறைக்கு ஒத்திவைக்கப்பட்டன. ஆச்சியின் பெயர் பட்டியலில் முதலில் எழுதப்பட்டது.

இன்னொருவரையும் நாம் மறந்துவிடுகிறோம். ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்கும் தாய்க்கு, அடுப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு செல்வது விடுமுறையாகுமா? வழியில் மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உள்ளது. வனப் பகுதிகளில் நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, சமைப்பவர் மட்டும் எதையும் பாராமலே திரும்புகிறார் என்பது பெருங்குறை. முதல் நாள் மதியத்திற்கு மட்டும் புளிச்சோறும், பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொள்ளலாம். பின்னர் எளிய உணவு விடுதிகளில் உண்பதற்கெனச் செலவுக் கணக்கில் முன்னரே ஒரு தொகையை ஒதுக்கிவிடுவதே நன்று.

காலம் அறிந்து புறப்படுதல்

பள்ளியின் நாட்காட்டியும் மலையின் நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை. நீண்ட விடுமுறை கோடையில் வருகிறது. அப்போது குற்றால அருவிகள் பெரும்பாலும் மெலிந்தோ வற்றியோ கிடக்கும். காடு காய்ந்து சருகாகிக் கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, நடைப்பயணம் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. சாரல் பொழியும் ஆனி, ஆடி மாதங்களிலோ பள்ளிகள் திறந்திருக்கும்.

காடுகளுக்கும் அடைப்பு நாள்கள் உண்டு. இரவிகுளத்தில் வரையாடுகள் குட்டி ஈனும் காலமாதலால், ஆண்டுதோறும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளர்க்கு வாயில் அடைக்கப்படுகிறது. புலிகள் கணக்கெடுப்பு நாள்களில் முண்டந்துறையிலும் அனுமதி நிறுத்தப்படுவதுண்டு. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களில் செல்வோர் 2024 மே 7 முதல் முன்பதிவுச் சீட்டான இ-பாஸ் பெறவேண்டியதாயிற்று. முதுமலை, பந்திப்பூர்க் காட்டுச் சாலையிலோ இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை பொதுவான வாகனப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. அடைத்த வாயிலைக் கண்டு சினங்கொள்வோர் பலர். பேறுகால அறையின் கதவு அடைத்திருப்பதைக் கண்டு நாம் சினங்கொள்வோமா? விலங்குக்கும் அவ்வுரிமை உண்டன்றோ?

ஆதலின் நெடிய பயணத்திற்குக் காலாண்டு விடுமுறை ஏற்றது. தென்மேற்குப் பருவமழை தணிந்து, வடகிழக்குப் பருவமழை வலுக்காத இடைவேளை அது. மூன்று நாளுக்குள் அடங்கும் பயணமாயின் பொங்கல் விடுமுறை பொருந்தும். வானம் தெளிந்திருக்கும், மலையில் நல்ல குளிரும் இருக்கும். எந்த மாதமாயினும், புறப்படுவதற்கு முன் உரிய வனத்துறை அலுவலகத்தில் அனுமதி நேரத்தையும் விதிகளையும் கேட்டறிதல் இன்றியமையாதது. அவை அவ்வப்போது மாறக்கூடியவை.

ஒரு நாள் ஒத்திகை

நெடும்பயணத்திற்கு ஒரு மாதம் முன்னதாக, ஒரு நாள் பயணம் ஒன்றை மேற்கொள்ளுமாறு நாம் அறிவுறுத்துவதுண்டு. யாருக்கு வளைவுகள் ஒவ்வாது, யாருக்கு அடிக்கடி இறங்க வேண்டியிருக்கும், எவ்வளவு குடிநீர் தேவைப்படும் என்பனவெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

அதற்கு அம்பாசமுத்திரம் வழியே பாபநாசமும் முண்டந்துறையும் மிகவும் ஏற்றவை. 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாயின. 1988இல் அவ்விரண்டும் இணைந்து, 895 சதுர கிலோமீட்டர் பரப்புடன், தமிழகத்தின் முதற் புலிகள் காப்பகமாயின. மேற்குத் தொடர்ச்சி மலையிலன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத சிங்கவால் குரங்கு இங்கு வாழ்கிறது. புலியைக் காணலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்களித்துவிட வேண்டாம்; காண்போர் மிகச் சிலரே. அதற்கு மாறாக ஆற்றைக் காட்டுங்கள். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, நெல்லைச் சீமையின் வயல்களுக்குப் பாய்ந்து, நூற்றுக்கணக்கான ஊர்களின் குடங்களை நிரப்பி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. "நம் வட்டாரத்தின் குழாய்களில் வரும் நீர் இங்கிருந்துதான் புறப்படுகிறது" என்று கரையில் நின்று காட்டிய தந்தையின் சொல்லைப் பிள்ளை எளிதில் மறவாது. அதே ஆற்றில் ஷாம்பு உறையை எறியவும் அதன் கை கூசும்.

மணிமுத்தாறு அணைக்கு மேலே, மாஞ்சோலை முதலிய தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. சிங்கம்பட்டி ஜமீன் நிலத்தில் 1929இல் 99 ஆண்டுக் குத்தகையாகத் தொடங்கியவை அவை. குத்தகை முடியுமுன்னரே, 2024இல், தோட்ட நிறுவனம் வேலையை நிறுத்திக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள், பிறந்த வீட்டையும் முன்னோரின் கல்லறையையும் விட்டு மலையிறங்க நேர்ந்தது. காடு காடாகவே திரும்புதல் நலமே. எனினும் அந்தப் பசுமைக்கு உழைத்தவர் எங்கே சென்று வாழ்வது என்னும் கேள்வியும் அம்மலையில் நிற்கிறது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுதல் முறை.

ஆறு நாள் பயணம்

முதல் நாள், தென்காசி, குற்றாலம் வழியே செங்கோட்டை. குற்றாலத்தில் குளிக்க விழைவோர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். அருவியில் நீர் பெருகுவதற்கு நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை. மேலே காட்டில் பெய்தால் போதும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, காவலர் ஊதல் ஒலி கேட்டாலோ, அந்நொடியே கரையேற வேண்டும். "இன்னும் ஒரு நிமிடம்" என்னும் சொல்லுக்கு அங்கு இடமில்லை.

செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாயில் மலை வழிவிடுகிறது. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்ததாயிருந்தது என்பதைப் பிள்ளைகள் வியப்போடு கேட்பர். சாலையை ஒட்டியே 1904இல் திறக்கப்பட்ட புனலூர் இரயில் பாதையும், அதன் பதின்மூன்று கண் பாலமும் தென்படும். மீட்டர் பாதையாயிருந்த அது 2018இல் அகலப் பாதையாயிற்று. தென்மலையில் கல்லடை ஆற்று அணையைச் சூழ்ந்துள்ளது செந்துருணிச் சரணாலயம். செங்குறிஞ்சி என்னும் மரத்தால் அதற்கு அப்பெயர் வந்தது. மாலையில் செங்கோட்டைக்கோ தென்காசிக்கோ திரும்பி இரவு தங்கலாம்.

இரண்டாம் நாள் நெடிய நாள். கடையநல்லூர், இராசபாளையம், திருவில்லிப்புத்தூர், கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியே குமுளி சேர ஒரு பகல் ஆகும். விடியலில் புறப்பட்டு, இரு முறையேனும் நன்கு இறங்கி இளைப்பாற வேண்டும். திருவில்லிப்புத்தூரின் மேற்கே தெரியும் மலை, சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமானது. 2021இல் மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் திராட்சையும் செழித்திருப்பதன் காரணத்தை மறுநாள் காணப்போகிறோம்.

மூன்றாம் நாள் முழுவதும் தேக்கடிக்கே உரியது. வேறு ஊர் வேண்டாம். பென்னிகுவிக் என்னும் ஆங்கிலேயப் பொறியாளரின் தலைமையில் கட்டப்பட்டு, 1895இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணையால் உண்டானதே இந்த ஏரி. மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் தேனி, மதுரை மாவட்டங்களின் வயல்கள் விளைந்தன. ஏரியைச் சுற்றிய காடு 1978இல் புலிகள் காப்பகமானது. படகிலிருந்து யானைக் கூட்டத்தையோ காட்டெருமைகளையோ காணும் வாய்ப்பு உண்டு. படகுச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டை இறுகக் கட்டிக்கொண்டு, விலங்கு எப்பக்கம் தோன்றினாலும் இருக்கையை விட்டு எழாதிருங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அந்நாளை நினைப்போர்க்கு இவ்வறிவுரை மிகையாகத் தோன்றாது.

நான்காம் நாள் மூணாறு. ஏறத்தாழ நூறு கிலோமீட்டரே எனினும், வளைவுகள் மிகுந்த மலைச் சாலையாதலால் நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஐந்தாம் நாள் இரவிகுளம் தேசியப் பூங்கா. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான 2695 மீட்டர் ஆனைமுடி இங்குதான் உள்ளது. பார்வையாளர் செல்லும் இராசமலைப் பகுதிக்குச் சொந்த வண்டிகளுக்கு அனுமதியில்லை. பூங்காவின் பேருந்திலேயே செல்ல வேண்டும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு சில வேளை பாதையோரத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். அதனை நெருங்கவோ தொடவோ உணவளிக்கவோ கூடாது.

இராசமலைக்கு அப்பால்தான் பெட்டிமுடி. 2020 ஆகஸ்டு 6 நள்ளிரவை நெருங்கும் வேளையில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளரின் குடியிருப்பு வரிசைகளை மண் மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். நம் பக்கத்து ஊர்க்காரர். மூணாற்றின் பச்சைப் பட்டுப் போன்ற சரிவுகளைப் புகைப்படம் எடுக்கும் நாம், அதை நெய்த கைகளை ஒரு கணம் எண்ணி அமைதியாக நிற்பது கடனாகும்.

ஆறாம் நாள் போடிமெட்டு வழியே இறங்கி, தேனியை அடைந்து, வந்த வழியே இல்லம் திரும்புதல். இத்தனை நாள் இயலாதோர் தேக்கடியோடு திரும்பலாம், குறை ஒன்றுமில்லை.

வண்டியும் ஓட்டுநரும்

வாடகை வண்டியாயின், வாடகைக்கென உரிமம் பெற்ற வண்டியாகவே இருத்தல் வேண்டும். தெரிந்தவரின் சொந்த உபயோக வண்டியை வாடகைக்குப் பேசுவது மலிவாகத் தோன்றும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பது அரிதாகும். கேரள எல்லை கடப்பதற்குரிய அனுமதியும் வரியும் செலுத்தப்பட்டனவா என்று ஆவணத்தைப் பார்த்தே அறிய வேண்டும்.

ஓட்டுநரின் கண்ணில்தான் நம் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. நாம் அறையில் உறங்க, அவர் வண்டி இருக்கையிலேயே கொசுக்கடியில் சுருண்டு கிடப்பதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். மறுநாள் வளைவுகளில் அவர் கண்ணயர்ந்தால் குற்றம் யாருடையது? அவருக்கும் ஒரு படுக்கை பேசுங்கள். நம் பந்தியிலேயே அமர்த்தி உணவளியுங்கள். இருட்டிய பின் மலைச் சாலையில் ஓட்டச் சொல்லாதீர்கள். இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குவதும், ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பதும் நல்ல ஓட்டுநரின் இலக்கணம். அவர் மெதுவாகச் செல்லும்போது நாம் விரைவுபடுத்தலாகாது.

காட்டிற்கு நாம் விருந்தினர்

பிறர் வீட்டிற்குச் செல்லும்போது உரக்கக் கூச்சலிடுவோமா? குப்பையைக் கூடத்தில் எறிவோமா? 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்தில் விலங்குகளைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் குற்றங்கள். குரங்குக்கு வாழைப்பழம் எறிவது இரக்கச் செயலாகத் தோன்றும். ஆனால் அதற்குப் பழகிய குரங்கு காட்டை விட்டுச் சாலைக்கு வருகிறது. குட்டியோடு சக்கரத்தில் அடிபட்டும் சாகிறது. நாம் இட்ட பழமே அதற்கு எமனாகிறது.

எடுத்துச் செல்ல வேண்டியவை: ஆளுக்கொரு எவர்சில்வர் நீர்ப்புட்டி, துணிப்பை, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்கு, கம்பளி, குடை, அன்றாட மருந்துகள், கைவிளக்கு. கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காத இடங்கள் பல உள்ளமையால், தங்குமிடங்களின் முகவரியையும் எண்களையும் ஒரு தாளில் எழுதி இருவரிடம் கொடுத்து வைக்கவும். விட்டுச் செல்ல வேண்டியவை: ஒலிபெருக்கி, பட்டாசு, பிளாஸ்டிக் தட்டுகள், மது. கடைசியாகச் சொன்னதைக் குறித்து விளக்கம் வேண்டியதில்லை. தந்தையோடு கழிக்க ஆண்டெல்லாம் காத்திருந்த பிள்ளைகளுக்கு, மயங்கிக் கிடக்கும் தந்தையை ஒப்படைப்பதைவிடக் கொடிய ஏமாற்றம் வேறில்லை.

செலவு

பீடி சுற்றியும் கடை நடத்தியும் வயலில் உழைத்தும் ஈட்டும் பணம் நம்முடையது. சுற்றுலாவிற்கென வட்டிக்குக் கடன் வாங்குதல் எவ்வகையிலும் தகாது. ஆறு நாளின் மகிழ்ச்சிக்கு ஆறு மாதத் தவணை கட்டும் வீட்டில் மகிழ்ச்சி தங்குவதில்லை. ஓர் உண்டியல் வைத்து, ஆண்டு முழுவதும் பிள்ளைகளும் தம் பங்கைச் சேர்க்கட்டும். சேர்ந்த தொகை ஒரு நாளுக்கே போதுமாயின், முண்டந்துறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உலகப் பாரம்பரியச் சொத்தைக் கண்டோம் என்று அப்போதும் நெஞ்சுயர்த்திச் சொல்லலாம்.

திரும்பி வந்த வாரத்தில் ஒரு மாலை குடும்பத்தோடு அமர்ந்து, ஒவ்வொருவரும் தாம் கண்ட ஒன்றைச் சொல்லுதல் நல்ல வழக்கம். ஆச்சிக்கு முதலிடம் கொடுங்கள். விரைந்து ஓடியவர் காணாதவற்றை, மெல்ல நடந்தவர் கண்டிருப்பார்.

இரவிகுளச் சரிவுகளில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கிறது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. எவர் அவசரத்திற்காகவும் அது முந்திப் பூப்பதில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து அந்த ஆண்டை இப்போதே வீட்டுச் சுவரில் குறித்து வையுங்கள். ஒரு மலருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக் கற்ற பிள்ளை, வாழ்விலும் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும்.